போலீசுக்குப் பயந்த என் மகள்

என் மகள் நித்யாவுக்கு அப்போது நான்கு வயது. ஒரு இட்லி சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குவாள். தறிக்குப் பட்டு நூல் சுற்றித் தரும் எனக்கு அவ்வளவு நேரம் ஏது? "சாப்டலன்னா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவேன்" என்பேன். உடனே தட்டு காலியாகிவிடும்.

ஒருநாள் காலை, போளூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போக ஆரணி பேருந்து நிலையத்துக்கு வந்தோம். பூ வாங்க அவள் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அழுதுகொண்டே ஓடினேன். அங்கே நின்ற போலீஸ்காரரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி என்னோடு தேடினார். பதிலே இல்லை.

கடைசியில் ஒரு பழக்கடை மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் கூப்ட்டுகினே இருந்தாரே, ஏண்டி பேசல?"

"நான் முழுசா சாப்ட்டேன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்று கெஞ்சினாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. உதவ வந்தவரிடமிருந்தே ஒளிந்துகொள்ள அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எங்க வூட்லயும் ஒரு பொண்ணு கீதும்மா. சாப்டாம பேஜார் பண்ணும். போலீஸ்னு மெரட்டுனா என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றார். நித்யா மெதுவாக வெளியே வந்தாள்.

அன்றோடு பயமுறுத்துவதை விட்டேன். அவள் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். அப்படியும் நன்றாகவே வளர்ந்தாள்.