கொக்கியில் தொங்கிய வில்லை

கப்பலில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். முதலில் அடிப்பான், யோசனை பிறகுதான். பள்ளிக்கூடத்திலிருந்து அவனைத் துரத்தியதும், கடைசியில் இந்த ஏவுகணை நாசகாரிக் கப்பலின் தீயணைப்புப் பிரிவில் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தக் கைதான்.

தங்கையின் கணவனும் அதே கப்பலில் மெக்கானிக். இன்ஜின் அறைக்குள் போகிறவர்கள் தங்கள் பெயர் வெட்டிய பித்தளை வில்லையை வாசல் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். பக்கத்திலேயே சிவப்புக் கைப்பிடி. அதை இழுத்தால் அறை முழுக்க வாயு நிரம்பும். தீயும் அடங்கும், உள்ளே இருப்பவனின் மூச்சும் அடங்கும். மாப்பிள்ளை மாட்ட மறந்ததில்லை. எடுக்கத்தான் மறப்பான்.

"இதாலயே ஒரு நாள் போய்ச் சேரப்போற மாப்ள."

"எடுத்துக் குடுக்கத்தான் நீ இருக்கியே மச்சான்."

போரில் எதிரியின் ஏவுகணை கப்பலின் விலாவைப் பிளந்தது. இன்ஜின் அறையில் எரிபொருள் பற்றிக்கொண்டது. தண்ணீர்க் குழாயோடு முன்னே போனவன் வெந்த முகத்தோடு திரும்பி வந்து, சம்மட்டியின் காலடியில் விழுந்து செத்தான். அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பலின் சொந்த ஏவுகணைகள். சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. கொக்கியில் ஒரே ஒரு வில்லை, மாப்பிள்ளையுடையது.

சம்மட்டி பெயர் சொல்லிக் கத்தினான். உள்ளே நெருப்பு மட்டும் உறுமியது. கதவைத் திறக்கப் பார்த்தான்; உள்ளங்கைத் தோல் தாழ்ப்பாளோடு உரிந்து போனது. ஒலிபெருக்கியில் அதிகாரி, இழு, இழு என்று அலறிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்மட்டி முன்கூட்டியே யோசித்தான். தங்கையை நினைத்தான். மேலே இருந்த அத்தனை பேரையும் நினைத்தான்.

இழுத்தான்.

தீ அடங்கிய பிறகும் கைப்பிடியை விடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஏணியில் யாரோ இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளை. பின்தளத்தில் பிணங்களைத் தூக்கிய ரத்தம் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. அவன் கைப்பிடியைப் பார்த்தான், பிறகு தன் வில்லையை.

"இது தொங்குனதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் இழுத்த?"

"ஆமா."

அதுவரை யார்மேலும் கை வைக்காத மாப்பிள்ளை ஓங்கிக் குத்தினான். சம்மட்டிக்கு முன்பல் இரண்டு போயின. அவன் கை எழவேயில்லை.

செய்தது சரி என்று கப்பலில் எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் யாருக்கும் அவன் தங்கை தங்கையில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பல் எங்கே என்று அவள் கேட்டாள். ஏவுகணை விழுந்ததில் போய்விட்டது என்றான். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.