சூரியன் நகர்த்திய எல்லை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நிலம் அளக்கும் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அது குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. நாடாவைத் தொய்யவிட்டுப் பிடிக்கிறவன், ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நடுகிறவன், "மேடத்துக்கு வெயில் ஒத்துக்காதே" என்று அக்கறை காட்டுகிறவன், எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். சூரியனோடு மல்லுக்கு நின்றது மட்டும் ஒரே ஒரு தடவை. குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில்.

அங்கே ஐம்பது தாண்டிய ஒரு அக்கா, கணவர் இறந்தபின் தனியாக ரப்பர் நாற்றுப்பண்ணை நடத்திவந்தார். கறுப்புப் பைகளில் கன்று வளர்த்து விற்பதுதான் பிழைப்பு. அத்தனை கன்றுக்கும் தண்ணீர் ஒரே கிணற்றிலிருந்து. பக்கத்து நிலத்துக்காரர் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் மதில் கட்ட வேண்டும் என்று நின்றார். இடையிலிருந்த எல்லைக்கல் எப்போதோ காணாமல் போயிருந்தது. கிணறு யார் பக்கம்? அதைச் சொல்லத்தான் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அழைத்திருந்தார்கள்.

"இதுல அளக்க என்ன இருக்கு மக்கா? கெணறு எனக்க மாமனாரு வெட்டுனதாக்கும்" என்றார் அக்கா.

மேடும் பள்ளமுமான இடம். தூரத்தில் மிச்சமிருந்த பழைய கற்களை வைத்து ஜிபிஎஸ் கருவியில்தான் கோடு கொண்டுவர வேண்டும். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞை சரியாகப் பொருந்தினால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று காட்டும்; அதன்பிறகு விரற்கடைகூடப் பிசகாது. பொருந்தாவிட்டால் 'ஃப்ளோட்'. அப்போது அது காட்டும் இடம் ஐந்தாறு அடி இங்கே, ஐந்தாறு அடி அங்கே என்று மிதந்துகொண்டே இருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கினோம். ஃப்ளோட். கம்பத்தை நிமிர்த்தினேன், கருவியை அணைத்துப் போட்டேன், இடம் மாறி நின்றேன். ஃப்ளோட்தான். மாசி மாதம், ரப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நின்றது. மரம் மறைக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. கிணற்றடியில் வைத்தபோது கிணறு அக்காவின் பக்கம் என்று காட்டியது. அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

"கொள்ளாம், நல்லதாப் போச்சு! கல்லப் போடு."

"இல்லக்கா. இது இன்னும் உறைக்கல்ல, மிதக்குது."

ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்து நிலத்துக்காரரும் அதையேதான் சொன்னார். "எந்தப் பக்கம் ஆனாலும் செரி மேடம். போட்டுட்டுப் போங்க. மதிலு கெட்ட ஆளு நிக்குது. எனக்கு பிளைட்டு வருது."

இரண்டு பேருக்கும் சம்மதம். எனக்கு மட்டும் இல்லை. அன்று காலையிலேயே எங்கள் சர்வேயர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார், சூரியனில் புயல், கருவி பாடாய்ப் படுத்துகிறது என்று. சூரியன் கொந்தளித்தால் நமக்கு மேலே, வெகு உயரத்தில் இருக்கும் காற்றில் மின்சாரம் ஏறிவிடும். அதைத் தாண்டி வரும் சமிக்ஞை தாமதிக்கும், கருவி ஏமாறும். பூமியின் காந்த நடுக்கோடு நம்முடைய தென்கோடிக்குப் பக்கத்தில் ஓடுவதால் இங்கே தொந்தரவு கூடுதல். மத்தியானத்துக்கு மேல் கேட்கவே வேண்டாம். இதை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "அங்க கெடக்க சூரியனுக்கு எனக்க கெணத்துல என்ன சோலி? சவத்துக்க மெஷினு!"

எனக்குச் சுருக்கென்றது. "மிதக்கிற கல்ல நான் நட மாட்டேன். நாளைக்கு வெளுக்கும்போ வாறேன். அதுவரை ஒருத்தரும் இஞ்ச கடப்பாரையத் தொடப்பிடாது" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினேன். வழி முழுக்க மனசு பிடுங்கியது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதை நீ ஒருத்தி ஏன் மறிக்கிறாய் என்று கேட்டது. கேட்டால் கேட்கட்டும். நான் நட்ட கல்லை இன்னொருவன் வந்து அளந்து சிரிக்கக் கூடாது.

மறுநாள் விடிந்ததும் போனேன். ராத்திரியில் மேல்காற்றின் கொதிப்பு அடங்கும். காலையில் கருவி நம் சொல் கேட்கும். கம்பத்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் ஃபிக்ஸ் வந்துவிட்டது. பழைய கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கோட்டைக் கொண்டுவந்தேன். கோடு கிணற்றைத் தாண்டி அக்காவின் பக்கம் விழுந்தது. நம்பாமல் முதலிலிருந்து அளந்தேன். அதே இடம். கிணறு முழுசாகப் பக்கத்து நிலத்தில்.

இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நேற்றே நட்டிருந்தால் கிணறு அக்காவுக்கு. நான் பிடித்த பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை அது. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து நிலத்துக்காரர் கெட்ட மனுஷன் இல்லை. "மதில்ல ஒரு வாசல் விடுதேன். அக்கா எப்ப வேணும்னாலும் கெணத்துல வெள்ளம் கோரிக்கிடட்டும். நான் ஒண்ணும் பறைய மாட்டேன்" என்றார்.

அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "நீ நல்லவன்தான் தம்பி. ஆனா கலியாணம் முடிஞ்சு வந்த நாளு முதலு, நான் யாருக்க அனுமதியிலயும் வெள்ளம் கோரினதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒறப்புதானே மக்கா, இனி மாறாதே?"

"ஒறப்புக்கா."

"அப்ப நல்லா எறக்கி நடு."

நட்டேன். மண்ணை அவரே காலால் மிதித்து இறுக்கினார். மிதித்து முடித்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக நாற்றுகளுக்கு நடுவே போனார். நாலைந்து கன்றுப் பைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தரையில் ஓங்கிக் குத்தினார்.

"இஞ்ச கெணறு வெட்டுனா எனக்க பூமிதானே? நல்லா அளந்து சொல்லு."