கானில் விட்ட கப்பிகள்

அழகுமீன் பண்ணையில் வேலை என்றால் மீன் வளர்ப்பது என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி வேலை தேறாததைக் கழிப்பதுதான். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, கண்டிக்குக் கிட்ட குண்டசாலைப் பக்கம் ஒரு கப்பிமீன் பண்ணையில் மூன்று வருசம் அந்த வேலை. நாள் வேலை. சேரும்போது மகளுக்கு இரண்டு வயசு, மூச்சு இழுப்பு வரும். வந்தால் நான் வீட்டில் நிற்கணும். நின்றால் என் இடத்துக்கு வேற ஆள் வந்துவிடும். நிரந்தரமாக்கினால் லீவு உண்டு. ஆக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல் நம்மை எத்தனை நாளைக்கு ஓட வைக்கும் என்று, என்னைப் போல நாள் வேலைக்குப் போகிற உங்களுக்குத் தெரியும்.

வாளி

வால் முழுக்கச் சிவப்பாக இருக்கிற மீன் மட்டும் தொட்டியில் நிற்கும். மஞ்சள் கலந்தது, முதுகு வளைந்தது, பொட்டு விழுந்தது, ஆணோ பெண்ணோ, எல்லாம் வாளிக்கு. வாளியைக் கொண்டுபோய் பெரிய மீன்களுக்குத் தீனியாகக் கொட்டணும். அது கட்டளை. எனக்கு மனசு வரவில்லை. குட்டியிலிருந்து கண் முன்னால் வளர்ந்ததுகள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, தொட்டித் தண்ணி வடிந்து போகிற பின்பக்கக் கானில் ஊற்றிவிடுவேன்.

பக்கத்துத் தொட்டி செல்வராணி அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார். வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "ஊத்து புள்ள, ஊத்து. மொதலாளி கேட்டா நான் பொறந்ததுல இருந்து குருடுன்னு சொல்லிருவேன்."

ஒரே அச்சு

அலவத்துகொடையில் அழகுமீன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நானா என்போம், மாசாமாசம் வருவார். மீன் போட்ட பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒருநாள் ஒரு மீனில் மட்டும் கறுப்புப் பொட்டு, என் கண்ணுக்குத் தப்பியது. எல்லாம் ஒரே அச்சாக வேணும் என்று பையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ஆம்பிளைகளோடு பேச எனக்கு நாக்கு எழாது. தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே தாய் போட்ட குட்டிகள்தான் நானா, ஒன்று மாதிரி ஒன்று வராது என்றேன். அவர் கோபப்படவில்லை. "என்ட மூணு மகன்மாரும் மூணு விதம்தான் தங்கச்சி. ஆனா அவனுகள நான் பையில போட்டு விக்கல்லயே."

மீன்கொத்தி

ஒன்றரை வருசம் போயிருக்கும். கானை எட்டிப் பார்த்தால் கூட்டம் கூட்டமாகக் கப்பி. ஆனால் நான் ஊற்றின மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லாம் சேற்று நிறம், சின்ன உடம்பு, நிழல் விழுந்தாலே பறக்குதுகள். மேலே கரண்ட் கம்பியில் மீன்கொத்தி குந்தியிருந்தது.

அந்த வாரம் கெம்பஸில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பண்ணை பார்க்க வந்தது. பொம்பிளைப் பிள்ளை என்றபடியால் தைரியமாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். பறவைக்குப் பயந்து நிறத்தை மாற்றிக்கொண்டதுகளா என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்ன முதல் படித்த ஆள் அவள்தான்: "ஒரு மீனும் தன்னை மாத்தேல்லை அக்கா. கண்ணில பட்டது போயிட்டுது, படாதது குட்டி போட்டிருக்கு."

வால் அழுகல்

பிறகு நோய் வந்தது. சிவப்பு வால் தொட்டிகளில் வால் அழுகி, ஒரே வாரத்தில் வாளி வாளியாக அள்ளினோம். பல வருசமாக ஒரே குடும்பத்துக்குள்ளேயே சோடி சேர்த்த மீன்கள். ஒன்று தாங்காத நோயை மற்றதும் தாங்கவில்லை. மருந்து போட்டும் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அந்த நோய்த் தண்ணி முழுக்க கானுக்குத்தான் போனது. அங்கே செத்து மிதந்தது அங்கொன்று இங்கொன்று. மற்றதெல்லாம் ஓடித் திரிந்தது. பார்த்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் பண்ணையே போகும். மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், கானில் இருக்கிற பெண் மீன்களை மிச்சமிருக்கிற சிவப்பு ஆணோடு விட்டுப் பார்க்கலாம் என்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் நானாகப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கப்பி எப்படிம்மா கானுக்குப் போச்சு?"

நிரந்தரம்

எல்லாத்தையும் சொன்னேன். அவர் வலையை எடுத்து என் கையில் தந்தார். பிடித்துக் கொடுத்தேன். முதல் குட்டிகளில் சிவப்பு மங்கல்தான். அதுகளில் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, ஏழெட்டு மாசத்தில் பழைய சிவப்பு வந்தது, பழசை விடத் தாங்குகிற உடம்போடு. நானாவும் திரும்ப வந்து பை பையாகக் கொண்டுபோனார்.

அந்த மாசம் மகளுக்கு இழுப்பு கூடி மூன்று நாள் கண்டி ஆஸ்பத்திரியில் நின்றேன். திரும்பிப் போனால் என் தொட்டியில் புதுப்பிள்ளை ஒருத்தி. நிரந்தரம் பற்றி வாய்விட்டுக் கேட்டேன். முதலாளி கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. "மீனக் காப்பாத்துனது நீதான், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்குத் தெரியாம ஊத்துற கைய நிரந்தரமாக்க ஏலாதும்மா."

கப்பி மாற ஒன்றரை வருசம் போதும் என்று கண்ணால் கண்டுவிட்டேன், முதலாளிமார் மாற எத்தனை தலைமுறை வேணும் என்று அந்தக் கெம்பஸ் பிள்ளையிடம் கேட்காமல் விட்டதுதான் என் பிழை.