கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

எங்க இங்கிலீஷ் வாத்தியாரு 'அட்ஜஸ்ட்'டுன்னா 'சரிசெய்தல்'னு போர்டுல எழுதிப் போட்டாரு. பாவம், அவருக்கு இன்னா தெரியும்? அந்த வார்த்தை எங்க ஊட்டுக்கு ஸ்கூல் வழியா வரல. ஆவடில வண்டி செய்ற ஃபேக்டரில எங்கப்பா ஃபிட்டரு. சாயங்காலம் காலி கேரியரோட அதையும் சேத்துத் தூக்கிகினு வருவாரு. இன்னிக்கு பிரேக்கு அட்ஜஸ்ட் பண்ணேன். ஒரு பக்கம் மட்டும் பண்ணா வண்டி இழுத்துகினு பூடும், ரெண்டு பக்கமும் பாக்கணும்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்வாரு. யாரு கேட்டா?

எங்க குவார்ட்டர்ஸு ஒரு ரூமு, ஒரு கிச்சன். வேல தேடி வர்ற சொந்தக்காரன் அத்தன பேரும் அங்கதான் எறங்குவான். படுக்க எடம் இல்லன்னா அப்பா அந்த வார்த்தையதான் எடுத்து வுடுவாரு. சித்தப்பா காலு என் மூஞ்சில இருக்கும். கொழம்புல தண்ணி ஏறுனாலும் அதான். டிரெயின்ல மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளு குந்தணும்னாலும் அதான். டென்த்துல நான் ஊத்திகினப்போ, வாத்தியார கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு நைனான்னு கேட்டேன். செருப்பு பறந்து வந்துச்சு. அங்க மட்டும் அது செல்லாதாம்.

அப்பதான் அக்காவ பொண்ணு பாக்க பட்டாபிராம்ல இருந்து வந்தாங்க. அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ரேடியோ கம்பெனில சால்டரிங் வேல. எங்க ஊட்டு ஃபேனே அவ சம்பளத்துல வாங்குனதுதான். காலைல டிரெயின் புடிக்க அவ ஓடுற ஓட்டத்தப் பாத்தா, கம்பெனிய வேற யாரோ தூக்கிகினு பூடுவான்னு நெனப்பீங்க.

மாப்ளயோட அம்மா பஜ்ஜிய முடிச்சிட்டு, பொண்ணு வேலைய வுட்டுடணும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா ஒரு கொறையும் இல்லன்னு சொன்னாங்க. அப்பா தல பாதி ஆடிடுச்சு.

காபித் தட்ட வெச்ச அக்கா நிமிந்தா. "பிரேக்க ஒரு பக்கம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணா வண்டி இழுக்கும்னு அப்பா சொல்வாரு. இங்க நான் மட்டுந்தானா?"

மாப்ள குனிஞ்சு காபியப் பாத்துகினே சிரிப்ப அடக்குனாரு. சொல்லி அனுப்புறோம்னு கெளம்பிட்டாங்க. அப்பா அன்னிக்கு சாப்டல. அக்கா பஜ்ஜி மிச்சத்த துன்னுட்டு தூங்கப் பூட்டா.

திங்கக்கெழம நானும் அக்காகூட டிரெயின் ஏறுனேன். எனக்கு இன்னா வேலயா? ஒண்ணும் இல்ல, ஊர் சுத்ததான். பட்டாபிராம்ல இருந்து வர்ற வண்டி, ஜன்னலோரம் நம்ம மாப்ள குந்திகினு கீறாரு. அக்கா பாத்தும் பாக்காத மாதிரி கம்பியப் புடிச்சிகினு நின்னா. அவரு எழுந்து ஜன்னல் எடத்த வுட்டுட்டு, பக்கத்து பெருசுங்கள நகத்திட்டு, ஓரத்துல அரை சீட்டுல ஒட்டிகினாரு.

"உக்காருங்க. வேலைக்குப் போங்க. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அக்கா ஜன்னல் பக்கமா பூந்து குந்துனா. ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு பெருசுங்க பேப்பர் படிச்சிகினு.

"மாமே, எனக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்"னு மாப்ளகிட்ட கேட்டேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியவே பாத்துகினு சொன்னா: "நீ நில்லுடா."

அம்பத்தூர்ல அக்கா எறங்குற வரைக்கும் அந்த 'மாமே'வ யாருமே திருத்தல.