கேட்டில் அவிழ்ந்த கட்டு

நான் போடும் கட்டு எப்போதும் இடது காதுக்கு மேல் முடியும். மூன்றாம் நாள் ராக்கம்மா வந்தபோது முடிச்சு வலது பக்கம் இருந்தது. வேறு யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

மலாயாவில் எமர்ஜென்சி காலம்; வெள்ளைக்காரச் சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட வருஷங்கள். சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டிரெசர்; புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. டிஸ்பென்சரி வேலிக்கு வெளியே. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக்கூடாதென்று, வெளியே போகிறவர்களை வேலிக் கேட்டில் சோதிப்பார்கள்; மருந்துப் பெட்டியை லயத்துக்குள் கொண்டுபோகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெர்மிட் வேண்டும்.

ராக்கம்மா ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். புகையிலை ஒதுக்கிய கன்னத்திலேயே புற்று வந்து ஓட்டை விழுந்துவிட்டது. "ஒழுகாம ஒரு கோப்பை கஞ்சி குடிச்சாப் போதும் டிரெசரையா" என்பாள். டவுன் பெரியாஸ்பத்திரியில் புற்றை வெட்டியெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பிக் கன்னத்தை மூடி, பல நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கூடவே டாக்டரின் கடிதம்: தினமும் டிரெசிங் செய்யவும், சுத்தமில்லாத கை படக்கூடாது, சீழ் பிடித்தால் ஒட்டுத்தோல் அழுகிவிடும்.

முதல் நாள் என் முன்னால் கஞ்சி குடித்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் புருஷன் சின்னையா அழுதுவிட்டான்.

"கட்டை யாருப்பா அவுத்தது?" என்று இப்போது அவனிடம் கேட்டேன்.

"கேட்டுல சோதிக்கிற அம்மாதான். நேத்தும் அவுத்துப் பாத்துச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

நேற்று நான் முடிச்சைக் கவனிக்கவே இல்லை.

கேட்டுக்கு ஓடினேன். வெட்டுக்குப் போகிற பெண்களின் மடி, கொண்டை, அக்குள் எல்லாம் தடவிய கையோடுதான் சோதிக்கிறவள் அந்தப் புண்ணின் கட்டையும் அவிழ்த்திருக்கிறாள்.

"போன மாசம் ஒருத்தி கால்கட்டுக்குள்ள அரிசி வச்சிருந்தா லா. பாக்காம விட்டா என்னையில்ல புடிச்சிட்டுப் போவாங்க" என்றாள்.

நேரே துரையிடம் போய் பெர்மிட் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். துரையிடம் போய் நிற்கப் பிடிக்காமல், நடக்க முடிகிறவள் நடந்து வரட்டுமே என்று இருந்துவிட்டேன்.

அதன்பின் தினமும் அவள் வீட்டிலேயே பென்சிலின் போட்டேன். ஐந்தாம் நாள் நாற்றம் வந்தது. ஒட்டுத்தோல் கறுத்து, தையல் பிரிந்தது. காய்ச்சலோடு அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றினோம். சின்னையா ஒரு வாய்க் கஞ்சி ஊட்டினான். கன்னத்து வழியே கழுத்தில் வழிந்தது. அதைத் துடைக்க வந்த என் கையை அவள் தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் திரும்பினாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆபரேஷன் புண்ணை நடக்கவிட்டு உங்களிடம் வரவழைக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போங்கள். டிஸ்பென்சரியிலிருந்து ராக்கம்மாவின் லயம் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை நான் நடக்கவில்லை.