வெட்டாத துணி

எங்கள் தெருத் தையல்காரிக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். யாரையும் லேசில் நம்பமாட்டாள். ஜிப் விற்பவன் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பாள். அந்தச் சந்தேகம் எங்கே முளைத்தது என்று தெரிந்துகொண்டேதான் கேலி செய்தோம்.

மாடி வீட்டு மெக்கானிக்கின் மனைவி அவளிடம் பச்சைத் துணி ஒன்று கொடுத்திருந்தாள். மெக்கானிக் வந்து, "தைக்க வேண்டாம், திருப்பிக் குடுங்க" என்றான். அக்காவும் மடித்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவன் அந்தப் பெண்ணைக் கொன்றான்.

மனைவி எதிர்த்துப் பேசியதால் வந்த திடீர்க் கோபம் என்றது கோர்ட். அக்கா கூண்டேறித் துணிக் கதையைச் சொன்னாள். "புருஷன் துணியைத் திரும்ப வாங்கினா குத்தமா?" என்று வக்கீல் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். சொற்பத் தண்டனையோடு முடிந்தது. எந்த நாட்டுச் செய்தியைப் படித்தாலும் பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு இந்தத் திடீர்க் கோபம் கைகொடுக்கிறது. முந்தின நாளே துணியை வாங்கிப் போன கோபம் என்ன திடீர்?

வெளியே வந்தவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அதே மாடிக்கு வந்தான். தெருவும் பழையபடி அவனுக்கு வணக்கம் வைத்தது. புதியவள் தரும் துணியை மட்டும் அக்கா உடனே வெட்டாமல் அலமாரியில் வைத்திருப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"வெட்டிட்டேன்னு தெரிஞ்சா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வாரம் நான் பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது மெக்கானிக் வந்தான்.

"அந்த ஊதாத் துணியைக் குடுங்க. தைக்க வேண்டாம்."

அக்காவின் கால் மெஷினில் அப்படியே நின்றது.

"வெட்டிட்டேனே தம்பி." புதியவளின் ஊதாத் துணி அலமாரியில் வெட்டாமல்தான் இருந்தது.

"சரி, போகட்டும்" என்று ஒர்க் ஷாப் பக்கம் நடந்தான். அவன் தெருமுனை திரும்பியதும், கழுத்தில் தொங்கிய டேப்போடு அக்கா மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"துணி வேண்டாம்னு நீ சொன்னியாம்மா?"

"இல்லையேக்கா. ஆசைப்பட்டு வாங்கின கலராச்சே."

"ரெண்டு துணியை எடுத்துக்க. என் வீட்டுக்குக் கிளம்பு."

பச்சைத் துணிக் கதையை அக்கா சொல்ல, அவள் கேட்டாள்: "உங்க சந்தேகம் தப்பா இருந்தா?"

"வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும்."

அவளுடைய பையை நான் தூக்கிக்கொண்டேன்.