பிரகாசி அக்காவின் ஜீப்

பிரகாசி அக்கா இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார்... ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி, ஏன் லேட் என்று யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம். அக்கா யார் என்று மட்டும் சொல்கிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில் வந்து சேரும் ஃபைபர் படகுகளை மணல்மேட்டுக்கு இழுத்துவிடுவது அவருடைய பழைய ஜீப்தான். ஓட்டுவதும் அவரே. நைட்டிக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, வாயில் விசில்.

போன வருஷம் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது. கியர்பாக்ஸில் இருந்து வரும் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது போனால் மணலில் ஜீப் வெறும் தகரம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் கேட்டார்கள். அதற்குள் பக்கத்து ஊர் டிராக்டர்காரர் எங்கள் கரைக்கு வந்துவிடுவார். வந்தால் போகமாட்டார். அக்காவின் பிழைப்பு அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த ஒரு நாள்தான் இருந்தது. நான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். ‘உங்க முற்றத்திலேயே மாத்திரலாம்’ என்றேன். முடியும் என்று தெரியும், சொன்னேன்.

சர்ச்சில் பூசை முடிந்து திரும்பிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏளா பிரகாசி, ஞாயித்துக்கெழம வேல செய்யலாமா? சாமியாருட்ட சொல்லிருவேன்.”

“சொல்லுங்க. அப்படியே பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா குடுத்து உடச் சொல்லுங்க.”

கியர்பாக்ஸ் ஜாக் எங்களிடம் இல்லை. பழைய வலையை மடித்து ஜீப்புக்கு அடியில் விரித்து, உடைந்த கேஸை அதில் இறக்கினோம். நாலு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்து இழுத்தார்கள்.

“கனமான மீனுதாம்லே... வெலதான் போவாது” என்றார் அக்கா.

பழைய இரும்புக் கடையில் பிடித்த வேறொரு கேஸுக்குப் புது சீல் போட்டு மாட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து மணலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால்... சீல் வழியாக ஆயில் ஒழுகுகிறது!

அடியில் படுத்துப் பார்த்தேன். கேஸின் மேலே இருக்கும் மூச்சுத் துளையில் படகு ஒட்டுகிற பசை, கல்லு மாதிரி.

“இத யாருக்கா அடச்சது?”

“நாந்தாம்லே, நீ சோறு திங்கப் போனப்ப. ஓட்ட கெடந்துச்சு. ஓட்டய அடைக்காம கடல்ல எறக்குவாவளா?”

“இது படகு இல்லக்கா! உள்ள சூடானா காத்து வெளிய போகணும். போக வழி இல்லன்னா ஆயிலத் தள்ளிட்டு வரும்.”

“சரி, காத்து வெளிய போவும். கடத்தண்ணி உள்ள போவாதோ?”

படகு இழுக்கும்போது ஜீப் பாதிச் சக்கரம் தண்ணீரில் நிற்கும். நியாயமான கேள்வி.

பசையைச் சுரண்டி எடுத்தேன். துளையில் ஒரு பெட்ரோல் டியூபை மாட்டி, மறுமுனையை பானட்டுக்குள் உயரத்தில் கட்டினேன். இனி காற்று போகும், தண்ணீர் ஏறாது. சீல் எப்போதும் இரண்டு செட் வாங்குவேன், ஒழுகியதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினேன்.

திங்கட்கிழமை முதல் படகு வரும்போது டிராக்டர்காரர் கரையில் வந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா ஃபோர் வீல் போட்டு விசிலை ஊதினார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கயிறு பட்டுரும்.”

படகு மேலே ஏறியது. கேஸில் இருந்து ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. டிராக்டர் திரும்பிப் போய்விட்டது.

யார் கேட்டாலும் அக்கா, “நாந்தான் மாத்துனேன், இவன் கூடமாட நின்னான்” என்பார். நானும் மறுத்துப் பேசியதில்லை... இல்லை, பேசியிருக்கிறேன். அவர் கேட்டால்தானே.

இன்று ஊரில் ஒரு படகும் இறங்கவில்லை. சற்றுமுன் அவர் மகன் போன் பண்ணினான். கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒரே மணல், வேன் புதைந்துவிடும், அம்மாவை ஜீப்பில் கொண்டு போகலாமா, வண்டி தாங்குமா என்று கேட்டான்.

தாங்கும் என்றேன். ஆயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு நானே ஓட்டுகிறேன்.

கிளம்புகிறேன். மெதுவாகத்தான் போவோம், அக்கா.